நாய்க்கும் ஒரு விசுக்கோத்து

நாய்க்குப் பலகாரம் சுடுவதா என்று சிரிப்பவர் சிரிக்கட்டும். வன்னியிலே நாய் வெறும் வளர்ப்புப் பிராணியன்று. இரவில் வயற்காவலுக்குத் துணை செல்வதும், பட்டியிலே ஆட்டுக்குட்டிகளைக் காப்பதும், தோட்டத்திற் பன்றி புகுந்தால் முதலிற் குரல் கொடுப்பதும் அதுவே. 2009இல் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக ஓடியபோது, கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமற் போன குடும்பங்கள் எத்தனை! அத்தகைய தோழனுக்கு இன்று நம் வீடுகளிற் கிடைக்கும் சிற்றுண்டி யாது? பெரும்பாலும் குழந்தை கடித்து மிச்சம் வைத்த கிறீம் விசுக்கோத்துத்தான். அதைக் காட்டிலும் நல்லதொன்றை நாமே சுட்டுக் கொடுக்கலாம் என்பதே இவ்வாரம் நாம் சொல்ல வந்தது.

பாண், போறணை, விசுக்கோத்து ஆகிய மூன்று சொற்களும் போர்த்துக்கேயரோடு கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தவை. விசுக்கோத்து என்பதன் மூலப் பொருள் இருமுறை வெந்தது என்பதாம். ஈரம் முழுதும் வற்றினாலன்றி அது நெடுங்கடற் பயணத்துக்குத் தாங்காது. நாய்க்கான விசுக்கோத்தும் அக் கப்பல் விசுக்கோத்தின் வழிவந்ததே. 1860 அளவில், இடிதாங்கி விற்க இலண்டனுக்குச் சென்ற ஜேம்ஸ் ஸ்பிராற் என்னும் அமெரிக்கர், கப்பலிலிருந்து எறியப்பட்ட காய்ந்த விசுக்கோத்தைத் துறைமுக நாய்கள் ஆவலோடு தின்னக் கண்டு, நாய்க்கென்றே ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார் என்பர். படங்களிற் காணும் எலும்பு வடிவ விசுக்கோத்து, 1908இல் நியூயோர்க்கிலே பிறந்தது.

இறைச்சி தின்னும் பிராணிக்கு மாப்பண்டம் செரிக்குமா என்று மாணவர் கேட்கலாம். மாப்பொருளைச் செரிக்கச் செய்யும் நொதியத்துக்கான மரபணுப் பிரதிகள், ஓநாயினும் நாயிடத்தே மிகுதியாக உள்ளன என 2013இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். மனிதரின் அடுப்பங்கரையை அண்டி வாழ்ந்த வாழ்க்கை, அதன் வயிற்றையே மாற்றிவிட்டது!

இனிச் செய்முறை. 2022இன் நெருக்கடியிலே கோதுமை மா ஏறிய விலையை இல்லத்தரசிகள் மறந்திரார். ஆதலின் நம் மண்ணின் தானியமே போதும். குரக்கன் மா ஒரு கோப்பை, சிவப்பரிசி மா ஒரு கோப்பை, அவித்து மசித்த பூசணிக்காய் அரைக் கோப்பை, முட்டை ஒன்று, அவித்து முள் நீக்கிய மீன் ஒரு பிடி. மீனை விட்டுவிடாதீர்கள், நாய் முதலிற் சுவைப்பது மூக்கினால் அன்றோ! உப்பும் சீனியும் வேண்டா. உப்பேறிய கருவாடும் ஆகாது. வேண்டுமளவு வெந்நீர் தெளித்துப் பிசைந்து, மெல்லியதாகத் தட்டி, பெருவிரல் நகமளவுக்கு வெட்டுக. ஓரம் வெடித்தாற் கவலையில்லை. நாய் அழகு பாராது. போறணையானால் 175 பாகை செல்சியசில் அரைமணி நேரம் வேகவிட்டு, நெருப்பைத் தணித்தபின் ஆறும்வரை உள்ளேயே விடுக. போறணை இல்லாத வீட்டில், அடி கனத்த சட்டியிலே இரு விரற்கடை மணல் பரப்பி, நடுவே கல் வைத்து, அதன்மேல் தகரத் தட்டை ஏற்றி மூடி, மூடியின்மேலும் சிறிது தணலிட்டால் அதுவே போறணை.

சேர்க்கலாகாதவற்றை மனத்திற் பதித்துக்கொள்க. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பன. கடையிற் பிளம்ஸ் என்று கேட்டு வாங்கும் உலர்ந்த முந்திரிகை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சொக்கிலேற்று இதயத்தைப் பதறச் செய்யும். சீனிக்குப் பதிலாகச் சில இனிப்புகளிற் சேர்க்கும் சைலிற்றோல் சிறிதளவே உயிர் குடிக்க வல்லது. புளித்த பாண்மாவைப் பச்சையாகத் தின்றால் வயிற்றிலேயே பொங்கும். வைரவர் சந்நிதியிலே வடைமாலை சாத்திய பின் அவர் வாகனத்துக்கும் ஒரு வடை எறிவார் உண்டு. பக்தியிற் குறையில்லை, எண்ணெயிலேதான் குறை.

இத் துண்டுகள் விருந்தல்ல, கூலி. நாளுணவின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் ஆகாது என்பர் கால்நடை மருத்துவர். கூலியும் உடனே கொடுத்தால்தான் பலன். கூப்பிட்டதும் வந்ததா, அக்கணமே ஒரு துண்டு. சிறிது தாழ்த்தினால் எதற்காகக் கிடைத்ததென்று அதற்கு விளங்காது. போருக்குப் பின் வடக்கில் கண்ணிவெடி தேடிய நாய்களையும் இவ்வாறு உடனுக்குடன் பரிசு கொடுத்தே பழக்கினர். பந்து விளையாட்டும் அவற்றுக்குப் பரிசுதான். நம் முற்றத்து நாய்க்கு அத்துணைக் கல்வி வேண்டா. அழைத்தால் வந்து, கழுத்தைப் பிடிக்க விட்டாற் போதும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே போடுகின்றனர். ஆனால் கைக்கு அகப்படாத நாய்க்கு யார் ஊசி போடுவது? அதன் பல்லுக்கு முதலில் அகப்படுவதோ முற்றத்தில் விளையாடும் நம் பிள்ளையே. மாதத்துக்கு இருமுறை சுட்டு வைத்து, ஊசி நாளுக்குப் பல வாரம் முன்னரே பழக்கத் தொடங்குக.

நன்கு ஆறிய பின்னரே மூடியிறுகிய பேணியில் இட்டு வைக்கவேண்டும். மாரிகாலத்திலே பூஞ்சணம் பிடிக்குமாயின், "நாய்தானே" என்று அதன் முன் போட்டுவிடாதீர்கள். அப் பூஞ்சண நஞ்சு நாயின் ஈரலையும் அழிக்கும். குழி தோண்டிப் புதைத்துவிட்டு, புதிதாக ஒரு தட்டுச் சுடுங்கள்.