வலியும் காலமும் இடமும்: பனிமலைக்குப் போகுமுன்

விடுமுறை என்றால் சொந்த ஊர், மிஞ்சினால் குற்றாலம், உதகை, கொடைக்கானல் என்றிருந்த நம் எல்லை இன்று இமயத்தைத் தொட்டுவிட்டது. பட்டம் பெற்றுப் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் பணியாற்றும் நம் மாணவர்கள், வெள்ளிக்கிழமையோ திங்கட்கிழமையோ அரசு விடுமுறை வந்து மூன்று நாட்கள் சேர்ந்தாற்போல் கிடைத்தால், பனிச்சறுக்கு விளையாட வடக்கே புறப்பட்டு விடுகின்றனர். இதனைக் குறை சொல்வதற்கில்லை. உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டும். பிறந்த மண்ணுக்கு அப்பாலும் கண் திறக்க வேண்டும். பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி என்று மட்டுமே அறிந்த நமக்கு, முழங்கால் புதையும் வெண்பனியில் நிற்பது மறக்கவொண்ணா அனுபவம்தான்.

ஆனால் செல்லுமிடத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நண்பர் அனுப்பிய ஒரு புகைப்படம், திரைப்படத்தில் கண்ட ஒரு காட்சி, பயண நிறுவனத்தின் ஒரு விளம்பரம் இவற்றில் ஏதேனும் ஒன்று இடத்தை முடிவு செய்கிறது. பின்னர் நாட்காட்டி காலத்தை முடிவு செய்கிறது. தம் உடல்வலிமையையும் பயிற்சியையும் பற்றிய எண்ணம் மலையடிவாரத்தில் பனிச்சறுக்குக் காலணியை மாட்டும்போதுதான் எழுகிறது. இது தலைகீழான முறை.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. போர் தொடுக்கும் அரசனுக்குச் சொல்லப்பட்டவைதாம் அவை. எனினும் அவை நிற்கும் வரிசை நம் கவனத்திற்குரியது. முதலில் வலி, பிறகு காலம், இறுதியிலேயே இடம். பனிமலைப் பயணத்திற்கும் இவ்வரிசையே பொருந்தும் என்பது என் துணிபு.

முதலில் வலியை நோக்குவோம். பனிச்சறுக்கு என்பது வழுக்கிச் செல்வதன்று, நிற்கக் கற்பது. தொடக்கநிலையாளருக்கு முதலில் கற்பிக்கப்படுவது, சறுக்குப்பட்டைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றிக் கலப்பைபோல் வைத்து வேகத்தைத் தணிக்கும் முறையாகும். இதுவும், காயமின்றி விழுவதும், விழுந்தபின் எழுவதும் கைவரப் பெறாதவர் உயரமான சரிவுக்குச் செல்லும் தகுதி பெறவில்லை. குல்மர்கில் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனமும், மணாலியில் 1961இல் தொடங்கப்பெற்ற மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் பனிச்சறுக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரப் பயிற்சி வகுப்புகளை நடத்தி வருவதன் பொருளை உணர வேண்டும். இரண்டு வாரத்தில் கற்பதை இரண்டு பகலில் கற்றுவிட இயலாது. வலிமையின் அளவறியாது சென்றவர், சொல்லின் மற்றொரு பொருளில் வலியறிந்து திரும்புவர்.

வலிமை என்பது கால்களின் திறன் மட்டுமன்று. நுரையீரலின் திறனும் ஆகும். குல்மர்க் புல்வெளி கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கொண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தி இரு கட்டங்களாக மேலேறுகிறது. முதற்கட்டம் 1998இல் திறக்கப்பட்டது. கொங்தூரி வரை செல்லும். இரண்டாம் கட்டம் 2005இல் திறக்கப்பட்டது; அஃபர்வத் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். முந்தைய நாள் காலையில் சென்னைக் கடற்கரையில் மூச்சு வாங்கியவர் மறுநாள் அவ்வுயரத்தில் நிற்கும்போது தலைவலியும் குமட்டலும் மூச்சிரைப்பும் வருவது இயல்பு. பயணச்சீட்டு கிடைத்துவிட்டது என்பதனாலேயே உடல் அணியமாகிவிட்டது என்று பொருளாகாது.

அடுத்து, காலம். நம் மலைகளில் பருவமழை ஏறத்தாழக் கணக்கிட்டாற்போல் வரும். இமயத்தின் குளிர்காலப் பனியோ அவ்வாறன்று. மத்தியதரைக்கடற் பகுதியில் உருவாகி மேற்கிலிருந்து வரும் காற்றழுத்த அலைகளே அப்பனியைக் கொணர்கின்றன. அவை வலுவாக வந்தால் பனி. வாராதொழிந்தால் வெறும் குளிர். காஷ்மீர மக்கள் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையுள்ள நாற்பது நாட்களைச் ‘சில்லாய் கலான்’ என்றும், அதனை அடுத்த இருபது நாட்களைச் ‘சில்லாய் குர்த்’ என்றும், அதன்பின் வரும் பத்து நாட்களைச் ‘சில்லாய் பச்சா’ என்றும் பகுத்துப் பெயரிட்டுள்ளனர். பெரும்பனி முதல் நாற்பதில் பொழியும் என்பது பழைய கணக்கு.

அக்கணக்கு இன்று பிழைபடுகிறது. 2024ஆம் ஆண்டின் குடியரசு நாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. மூன்று நாள் தொடர் விடுமுறை. ஆனால் அந்த ஜனவரியின் இறுதி வாரம் வரை குல்மர்க் பழுப்புநிறப் புல்வெளியாகவே கிடந்தது. பனிவண்டி இழுப்போரும் சறுக்குப்பட்டை வாடகைக்கு விடுவோரும் வேலையின்றி வானத்தைப் பார்த்திருந்தனர். பின்னர்ப் பனி வந்தது. பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளும் அங்கு நடைபெற்றன. மறு ஆண்டு 2025இல் அதே விளையாட்டுகளைப் பிப்ரவரி இறுதியில் நடத்தக் குறித்திருந்தும், பனி போதாமையால் மார்ச்சுக்குத் தள்ளிவைக்க நேர்ந்தது. அரசே நாள் குறித்துத் தவறும் இடத்தில், ஆறு மாதங்களுக்கு முன் பயணச்சீட்டு வாங்கிய நாம் தவறுவதில் வியப்பென்ன?

இது காஷ்மீருக்கு மட்டுமே நேர்ந்த துன்பமன்று. தென்னமெரிக்காவின் பொலிவியா நாட்டில் சக்கல்டாயா என்னும் மலையில், கடல்மட்டத்திற்கு மேல் 5,300 மீட்டரையும் தாண்டிய உயரத்தில் ஒரு பனிச்சறுக்குத் தலம் இருந்தது. உலகிலேயே உயரமான தலம் என்ற புகழ் அதற்கு உண்டு. அதற்கு ஆதாரமான பனியாறு சுருங்கிச் சுருங்கி 2009இல் முற்றிலும் மறைந்தது. 2023 ஜனவரியில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் தாழ்வான தலங்கள் பல பச்சைப் புல்லோடு காட்சியளித்தன. புகழ் நிலைக்கும், பனி நிலைக்காது. ஆதலின் ஒரு தலத்தின் பெயரை நம்பிச் செல்வதை விட, அவ்வாரத்து வானிலை அறிவிப்பை நம்பிச் செல்வதே அறிவுடைமை.

பனி இல்லாமை ஏமாற்றத்தைத் தரும். பனி மிகுதியோ உயிரையே கேட்கும். பெரும்பனி பொழிந்து ஓய்ந்த மறுநாள் வானம் நீலமாகி வெயில் விரியும்போது மலை மிக அழகாகத் தோன்றும். பனிச்சரிவுக்குரிய பெரும் ஆபத்தும் அப்போதுதான். பழைய அடுக்கோடு புதிய அடுக்கு இறுகாமல் கிடக்க, முப்பது முதல் நாற்பத்தைந்து பாகைச் சாய்வுள்ள சரிவில் ஒரு மனிதனின் எடை அதனை உடைத்துவிடப் போதுமானது. 2010 பிப்ரவரியில் குல்மர்கை அடுத்த கிலன்மர்கில் பயிற்சியிலிருந்த இராணுவ வீரர் பதினெழுவர் பனிச்சரிவில் மாண்டனர். மலையையே வாழ்வாகக் கொண்ட வீரர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி முதல் நாள் அஃபர்வத் சரிவில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று, மேற்சொன்ன விளையாட்டுகள் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், ரஷ்ய நாட்டவர் ஒருவர் உயிரிழந்தார். பனியில் புதைந்தவரைக் கால்மணி நேரத்திற்குள் வெளியே எடுக்காவிடில் பிழைக்கும் வாய்ப்பு விரைந்து குறையும். ஊரிலிருந்து உதவி வந்து சேரும் நேரம் அதனினும் பெரிது.

இப்போது இடத்திற்கு வருவோம். நம் நாட்டில் பெரும்பாலோர் நாடும் தலங்கள் மூன்று: காஷ்மீரத்தின் குல்மர்க், உத்தராகண்டின் ஔலி, இமாசலத்தின் சோலங் பள்ளத்தாக்கு.

சோலங், மணாலியிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் அளவில், ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மென்மையான சரிவு, தொடக்கநிலையாளருக்கு ஏற்றது. ஆனால் தில்லியிலிருந்து மணாலிக்கு ஏறத்தாழ 530 கிலோமீட்டர். பேருந்தில் ஓர் இரவு முழுவதும் போகும். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் கூட்டம் பெருகியது. 2024 டிசம்பரில் திடீர்ப் பனிப்பொழிவில் சோலங்குக்கும் சுரங்கப்பாதைக்கும் இடையே நூற்றுக்கணக்கான வாகனங்கள் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டன. தொடர் விடுமுறை நாளில் சோலங் செல்பவர் மலையைக் காண்பதை விட முன்னால் நிற்கும் வண்டியையே மிகுதியாகக் காண்பார்.

ஔலி, நந்தாதேவிச் சிகரம் எதிரே தோன்ற, 2,500 முதல் 3,000 மீட்டர் வரையிலான உயரத்தில் பரந்த சரிவு கொண்டது. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் அங்கு நடைபெற்றன. ஆனால் ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமட்டுக்கு 250 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு பகல் முழுவதும் அதற்கே சரி. அந்த ஜோஷிமட் நகரில் 2023 ஜனவரியில் நிலம் உள்வாங்கி எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் வெடிப்புகள் தோன்றின. ஔலிக்குச் செல்லும் கம்பிவட ஊர்தியும் அப்போது நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் கையில் உள்ளவர்க்கே ஔலி. மூன்று நாட்காரர்க்கு அது பொருந்தாது.

குல்மர்க், ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். ‘குல்’ என்றால் மலர், ‘மர்க்’ என்றால் புல்வெளி. பதினாறாம் நூற்றாண்டில் சுல்தான் யூசுப் ஷா சக் இட்ட பெயர் என்பர். மூன்றினுள் விமான நிலையத்திற்கு அணித்தானது இதுவே. கீழ்ப்புல்வெளி கற்பவர்க்கும், அஃபர்வத் கற்றுத் தேர்ந்தவர்க்கும் உரியவை. எனவே குறுகிய விடுமுறைக்கு என் தேர்வு குல்மர்கே. ஆயினும் சில வரையறைகளோடுதான். மூன்று நாட்களோடு இரண்டு நாட்களேனும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பனி நாளில் ஸ்ரீநகர் விமானங்கள் இரத்தாவதும், தங்மர்கிலிருந்து மேலேறும் சாலையில் சங்கிலி கட்டிய வண்டிகளுக்கே வழி கிடைப்பதும் உண்டு. குடியரசு நாளை விடப் பிப்ரவரியின் நடுப்பகுதியைத் தெரிந்தெடுப்பது மேல். முதன்முறை செல்பவர் கீழ்ப்புல்வெளியில் பயிற்றுநர் ஒருவரை அமர்த்திக்கொண்டு அங்கேயே கற்க வேண்டும். 2025 ஏப்ரலில் பகல்காமில் நிகழ்ந்த கொடுந்தாக்குதலுக்குப் பின் பள்ளத்தாக்கின் சுற்றுலா இடங்கள் பல மூடப்பட்டன என்பதையும் நினைவிற்கொண்டு, புறப்படுமுன் அரசு அறிவிப்புகளைப் பார்த்தல் வேண்டும்.

“இன்பச் செலவுக்கு இத்தனை கணக்கா? கணக்குப் பார்த்தால் இன்பம் ஏது?” என்று இளைஞர் கேட்கலாம். அவர்தம் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அஞ்சி அஞ்சி வீட்டிலிருப்போர் எதனையும் காணார். ஆனால் நான் வேண்டுவது அச்சத்தையன்று, வரிசையை. வலியை அறிந்தவர்க்குக் கீழ்ச்சரிவிலேயே இன்பம் கிட்டும். காலத்தை அறிந்தவர்க்கு ஏமாற்றம் குறையும். இவ்விரண்டையும் அறிந்தபின் தேர்ந்த இடம் பெரும்பாலும் பிழைபடாது.

மேலும் ஒன்று. நம் பிழையின் விலையை நாம் மட்டுமே செலுத்துவதில்லை. 2017 ஜூன் மாதம் பலத்த காற்றில் மரம் விழுந்து குல்மர்க் கம்பிவட ஊர்தி அறுந்தபோது இறந்த எழுவருள், சுற்றுலா வந்த ஒரு குடும்பத்தாரோடு உள்ளூர் வழிகாட்டிகள் மூவரும் இருந்தனர். விருந்தினர் செல்லும் இடமெல்லாம் வழிகாட்டியும் செல்கிறார். தடைக்கயிற்றைத் தாண்டி நாம் கால்வைத்தால், நம்மைத் தேடி அவரும் தாண்ட வேண்டியிருக்கிறது. காற்று மிகும் நாளில் ஊர்தியை நிறுத்தினால் கூச்சலிடும் பயணியும், ‘இன்று வேண்டாம்’ என்ற வழிகாட்டியிடம் கூடுதல் பணம் நீட்டும் பயணியும், தம் உயிரோடு இன்னொருவர் உயிரையும் பணயம் வைக்கின்றனர். குளிர்காலத்தின் சில வாரங்களில் ஈட்டியதைக் கொண்டு ஆண்டு முழுவதும் குடும்பம் காக்கும் அவர்களால் அப்பணத்தை மறுப்பது எளிதன்று. அந்நிலைக்கு அவர்களை ஆளாக்காதிருப்பதே பண்புடைய பயணிக்கு அழகு.

ஆகவே, அடுத்த தொடர் விடுமுறைக்கு வடக்கே புறப்பட எண்ணும் மாணவச் செல்வங்கள், ‘எங்கே போகலாம்?’ என்ற வினாவைச் சற்றே ஒதுக்கி வையுங்கள். ‘நம்மால் எது இயலும்? அங்கே அது எப்போது இயலும்?’ என்னும் வினாக்களை முதலில் எழுப்புங்கள். அவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்தால் இடம் தானே புலப்படும். கிடைக்காவிடில் இம்முறை குற்றாலமே போதும். இமயம் அங்கேயேதான் இருக்கும்.