எட்டு ஜிபியும் 'திறமை'யும்

கம்ப்யூட்டருக்குச் சாதி கிடையாது என்கிறார்கள். டவுன் பஸ்ஸுக்கும்தான் சாதி கிடையாது. ஆனால் எந்தத் தெரு முனையில் நிற்கிறது, எந்தத் தெருவைக் கண்டுகொள்ளாமல் போகிறது என்பதில் சாதி இருக்கிறது. கம்ப்யூட்டர் விஷயமும் அப்படித்தான்.

செல்போன் செயலி எழுதுகிற வேலையைப் பற்றி இங்கே பேச வேண்டியிருக்கிறது. ஆண்ட்ராய்டுக்குத் தனியாக, ஐபோனுக்குத் தனியாக என்று இரண்டு தடவை எழுதாமல், ஒரே தடவை எழுதி இரண்டிலும் ஓடவிடுகிற கருவிகள் வந்துவிட்டன. ஃபேஸ்புக் 2015-ல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் ஒன்று. 2018 டிசம்பரில் கூகுள் முதல் முழுப் பதிப்பாகக் கொண்டுவந்த ஃப்ளட்டர் இன்னொன்று. இரண்டு ஆள் செய்த வேலையை ஒரே ஆளிடம் வாங்கிவிடலாம் என்பதால் சின்னக் கம்பெனிகள்கூட இதைத் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. இரண்டு கருவியுமே இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

'யார் வேண்டுமானாலும்' என்கிற இந்தச் சொல்லைத்தான் நாம் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்க வேண்டும்.

மலைக்கோட்டைக்குக் கீழே, மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகள் சிலர் கூடுகிறார்கள். அரசுக் கல்லூரியில் படிக்கிறவர்கள், பாலிடெக்னிக் முடித்தவர்கள், விடுதியில் தங்கியிருப்பவர்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே நான் கண்டது இதுதான்: நம் பிள்ளை செயலி எழுதுகிற இடத்தில் தோற்பதில்லை. எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால், மெஷினைத் தயார் செய்கிற இடத்திலேயே நிறுத்தப்படுகிறான், நிறுத்தப்படுகிறாள்.

எப்படி? ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்கிற மென்பொருளை மட்டும் ஓட்டவே 8 ஜிபி ரேம் வேண்டும் என்கிறது கூகுள். கூடவே எமுலேட்டர் - கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே ஒரு பொய்ப்போனை ஓட்டிக்காட்டுகிற ஏற்பாடு - வேண்டுமென்றால் 16 ஜிபி. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில், இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தது. அதற்காக எல்காட் கோரிய மடிக்கணினி 8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு கொண்டது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. அதைப் போராடியும் காக்க வேண்டும். ஆனால் அந்த மெஷினில் பாடப்புத்தகத்தில் சொன்னபடி எல்லாவற்றையும் ஏற்றினால் மௌஸ்கூட நகராது.

அடுத்தது டேட்டா. ஃப்ளட்டர், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எஸ்டிகே, எமுலேட்டருக்கான கோப்பு, முதல் தடவை செயலியைக் கட்டும்போது கிரேடில் இழுத்துக்கொள்வது எல்லாம் சேர்த்தால் பல ஜிபி. நம் பிள்ளையின் போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. "அண்ணே, முந்தாநேத்துலேர்ந்து இறங்கிக்கிட்டே இருக்கு, பாதியில அந்துபோச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து கேக்குது" என்று ஒரு தங்கை சொன்னாள். வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறவனுக்கு இது ஒரு டீ குடித்து வருகிற நேரத்து வேலை. இவளுக்கு ஒரு வாரம்.

அப்புறம், கேட்க ஆள். ஃப்ளட்டர் டாக்டர் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைத் தட்டினால் எது இருக்கிறது, எது இல்லை என்று மெஷினே பட்டியல் போடும். எல்லாம் இங்கிலீஷில். அதைப் படித்துச் சொல்ல ஒருத்தனுக்கு அக்கா இருக்கிறாள், மாமா இருக்கிறார், எதிர்வீட்டில் பெங்களூர் இன்ஜினியர் இருக்கிறார். குடும்பத்திலேயே முதலில் கல்லூரி வாசல் மிதித்தவனுக்கு யார் இருக்கிறார்கள்? இந்த வெற்றிடத்தில்தான் பயிற்சி மையங்கள் ஆயிரக்கணக்கில் பணம் பிடுங்குகின்றன. ஒரு மையத்தில் மூன்று மாதம் போய்வந்த பையன் என்னிடம் வந்தான். அங்கே எல்லாம் ஏற்கனவே போட்டு வைத்த மெஷின். வீட்டுக்கு வந்து தன் மெஷினில் எப்படிப் போடுவது என்று அவனுக்கு யாரும் காட்டவேயில்லை.

இதையெல்லாம் மறைத்துவிட்டு கடைசியில் 'திறமை' என்று ஒரு சொல்லைப் போடுகிறார்கள். இன்டர்வியூவில் உட்காருகிறவன் நம் பிள்ளையிடம் "நீ என்ன ஆப் பண்ணியிருக்க?" என்று கேட்கிறான். ரேம் இருந்ததா, நெட் இருந்ததா, உட்கார அறை இருந்ததா என்று கேட்பதில்லை. அக்கிரகாரத்துத் திண்ணை தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொடுத்ததை மூளை என்று எண்ணிக்கொள்கிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

புலம்பி உட்கார்ந்திருக்க நாம் பிறக்கவில்லை. 8 ஜிபி மெஷினிலேயே வேலை நடக்கும். நாங்கள் நடத்துகிறோம். எமுலேட்டரைத் தொடவே வேண்டாம். கையிலிருக்கிற பழைய ஆண்ட்ராய்டு போனே போதும். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் 'பில்ட் நம்பரை' ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கேபிளால் மெஷினோடு இணைத்தால், எழுதிய செயலி நேராகப் போனில் ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் கட்டாயமில்லை. எஸ்டிகேயின் கட்டளைக் கருவிகளை மட்டும் போட்டுக்கொண்டு, எழுதுவதற்கு விஎஸ் கோடு வைத்துக்கொள்ளலாம். பாரம் பாதியாகும்.

டேட்டாவுக்கும் வழி உண்டு. ஒரு வெளி ஹார்ட்டிஸ்க். நெட் இருக்கிற ஒருவர் எல்லாவற்றையும் ஒரு தடவை இறக்கி அதில் போட்டுவிட்டால், ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். முதல் தடவை கட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் நெட் வேண்டும். முன்னே நாம் சிறு பத்திரிகையைக் கைமாற்றிப் படித்தோமே, அது மாதிரிதான்.

ஐபோனுக்கு? அங்கே கதவு இன்னும் கெட்டியாகச் சாத்தியிருக்கிறது. எழுதுவது எந்த மெஷினிலும் எழுதலாம். ஆனால் அதை ஐபோன் செயலியாகக் கட்ட எக்ஸ்கோடு வேண்டும், அது ஆப்பிளின் மேக்கில் மட்டுமே ஓடும். ஆப்பிள் கடையில் வைக்க வருஷத்துக்கு 99 டாலர். கூகுள் கடையில் ஒரே தடவை 25 டாலர். அதனால் முதலில் ஆண்ட்ராய்டு. ஐபோன் தேவைப்படுகிற அன்றைக்கு மேக்கை இணையம் வழியாக நிமிடக் கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கூகுள் கடைக்குள் போகிறபோதும் ஒன்றைக் கவனியுங்கள். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர், 12 பேரை 14 நாள் தொடர்ந்து செயலியைச் சோதிக்க வைக்க வேண்டும். முதலாளிக்கு ஆள் பிடிப்பது கஷ்டமாக இருக்கலாம். நமக்கு ஒரு விடுதி மாடியிலேயே 12 போன் இருக்கிறது. ஆனால் காசு வாங்கும் செயலி என்றால், எழுதியவரின் சட்டப்பூர்வப் பெயரும் முழு முகவரியும் கடையில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். நம் முகவரி என்ன? இத்தனை நாளாக அதில் 'காலனி' என்று ஒட்டியிருந்தது. 2025 ஏப்ரலில்தான் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து போனாலும் ஆதார் அட்டையிலிருந்தும், படிக்கிறவன் மண்டையிலிருந்தும் எப்போது போகும்?

அந்தக் கூகுளுக்குள்ளேயே என்ன நடந்தது? 2022 ஏப்ரலில் தலித் வரலாற்று மாதத்தையொட்டி அங்கே பேச அழைக்கப்பட்டிருந்தார் தேன்மொழி சௌந்தரராஜன். ஊழியர்கள் சிலர் அவரை இந்து விரோதி என்று மின்னஞ்சல் அனுப்ப, நிகழ்ச்சி ரத்தானது. அவரை அழைத்த தனுஜா குப்தா வேலையை விட்டே வெளியேறினார். கருவி இலவசம், பேச்சு ரத்து! ஆக, அவன் கருவியைக் கையில் எடுக்கும்போது அவன் யார் என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இது கார்ப்பரேட் கூலி வேலைதானே, இதில் என்ன விடுதலை?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அச்சு எந்திரமும் நம்மவர் செய்ததல்ல. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1907-ல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். எந்திரம் யாருடையது என்று ஒதுங்கி நிற்காமல், அதில் எதை அச்சடிப்பது என்று முடிவு செய்தார்கள். நம் பிள்ளைகளில் இருவர் இப்போது ஒரு செயலி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளின்படி, முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை என்று கட்டம் கட்டமாக நிவாரணம் வர வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பம் எந்தக் கட்டத்தில் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தமிழில் சொல்லுகிற செயலி அது. இதை எந்தக் கம்பெனி நமக்காக எழுதும்? "இனிமே எல்லாத்தையும் ஏஐ எழுதிரும்" என்கிறார்கள். எழுதட்டும். எதை எழுதச் சொல்வது என்று கேட்கிற ஆளும், எழுதியதைக் கட்டி ஓட்டுகிற மெஷினும் நம்மிடம் இருக்க வேண்டும் அல்லவா?

அதனால் கேட்கிறேன். 2025 ஜூலையில் ஆதிதிராவிடர் நல விடுதிகள் உட்பட எல்லா விடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறிய விடுதி ஒவ்வொன்றிலும் ஓர் அறை, 16 ஜிபி மெஷின் நாலு, நிற்காத பிராட்பேண்ட், ராத்திரி பத்து மணிவரை திறந்த கதவு. இதற்குப் பணமில்லை என்று சொல்ல முடியாது. நமக்கென்று ஒதுக்கிய நிதியை நமக்கே செலவிட வேண்டும் என்று 2024-ல் இந்த மாநிலமே தனிச்சட்டம் போட்டிருக்கிறது. மாணவர் அமைப்புகள் இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டு போக வேண்டும்.

அது வருகிறவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் ஊரில் ஒரு ஹார்ட்டிஸ்க், ஒரு கேபிள், ஒரு பழைய போன், ஏற்கனவே ஒரு தடவை மெஷினைத் தயார் செய்து பார்த்த ஒரு ஆள். இவ்வளவு இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து மெஷின் தயாராகும். தயாரானவர் ஒவ்வொருவரும் அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார வேண்டும். எங்கள் அறையில் வாங்குகிற ஒரே கட்டணம் இதுதான்.