பெண் உடம்பு அப்படித்தானாம்!

கால்பந்து ஆடும் பெண் பிள்ளை ஒருத்தி முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்டு வந்தால் போதும், ஒரு வாக்கியம் தயாராகக் காத்திருக்கும். "பொண்ணுங்க உடம்பு அப்படித்தான் சார், இதுக்கெல்லாம் தாங்காது." சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். விளையாட்டு ஆசிரியர் சொல்கிறார், பெற்ற தகப்பன் சொல்கிறார், ஒரு டாக்டரே என் காது கேட்கச் சொன்னார். அரசு அலுவலகத்தில் எழுத்தராக முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். இந்த ரக வாக்கியங்களை நன்றாகவே அறிவேன். "நிதிநிலை இடம் தரவில்லை" என்று கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் அப்புறம் மேலிருந்து கீழ்வரை யாரும் எதுவும் செய்ய வேண்டாம். கோப்பைக் கட்டிப் பீரோவில் வைத்துவிடலாம். "பெண் உடம்பு" என்பதும் அந்தக் குடும்பத்து வாக்கியம்தான்.

அது என்ன ஜவ்வு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முழங்கால் மூட்டுக்கு உள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இரண்டு நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போய்ப் பிணைத்திருக்கின்றன. பிரெஞ்சில் படித்த எங்களுக்கு இது சுலபம். அங்கே அதன் பெயரே 'லிகமான் க்ருவாசே', குறுக்காகப் போன கட்டு. பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகைகளில் 'க்ருவாசே' என்ற ஒரு சொல் தலைப்பில் வந்தாலே போதும், அந்த ஆட்டக்காரருக்கு அந்த வருடம் போய்விட்டது என்று அர்த்தம். முன்னால் இருக்கும் நார்தான் பெரும்பாலும் போகிறது. ஆங்கிலத்தில் ஏ.சி.எல். என்கிறார்கள். கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும், மூட்டு திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. ஓடிக்கொண்டே திடீரென்று நிற்கும்போது, திசை மாறும்போது, தலையால் முட்ட எம்பி ஒற்றைக் காலில் இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்கினால் அது கிழிகிறது. பல சமயம் எதிராளி காலில் அடிப்பதே இல்லை. 'டப்'பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக நேர்கிறது என்பது உண்மை. மறுப்பதற்கில்லை. இடுப்பு அகலம், தொடை எலும்பின் நடுவே அந்த நார் போகும் இடுக்கின் குறுகல், தொடையின் பின்தசை முன்தசைக்கு ஈடுகொடுக்காதது, மாதவிடாய்ச் சுழற்சி என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. சிலவற்றுக்கு ஆதாரம் உண்டு, சிலவற்றில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை. இருக்கட்டும். எல்லாமே உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் இந்த வாக்கியம் நிற்காது. ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்வீடனில் 2009-ஆம் ஆண்டு ஒரு சோதனை செய்தார்கள். 230 கால்பந்து கிளப்புகள், 12 முதல் 17 வயது வரை 4,564 பெண் பிள்ளைகள். கிளப்புகளைச் சீட்டுப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வழக்கம்போல் ஆடியது. மறு பாதி வாரம் இரண்டு தடவை, பயிற்சி தொடங்குமுன் 15 நிமிடம், ஆறே ஆறு உடற்பயிற்சி செய்தது. ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுவது, இரண்டு காலிலும் அப்படியே உட்கார்ந்து எழுவது (நம் தோப்புக்கரணத்தின் அண்ணன் தம்பி), மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, முன்னங்கை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்துவது, ஒரு காலை நீட்டி வைத்து முழங்காலை மடக்கித் தாழ்வது, குதித்து முழங்கால் உள்ளே சாயாமல் இறங்கப் பழகுவது. இதற்கு இயந்திரம் வேண்டாம், ஏ.சி. ஹால் வேண்டாம், ஒரு பாய்கூட வேண்டாம்.

முடிவு 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பயிற்சி செய்யாத 2,085 பேரில் 14 பேருக்கு அந்த ஜவ்வு போயிற்று. செய்த 2,479 பேரில் 7 பேருக்கு. ஆடிய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 64 சதவீதம் குறைவு. ஒழுங்காக, விடாமல் செய்தவர்களுக்கு இன்னும் குறைவு.

இப்போது கேட்கிறேன். அந்த 2,479 பிள்ளைகளுக்கு இடுப்பு மாறிவிட்டதா? எலும்பு இடுக்கு அகன்றுவிட்டதா? மாதவிடாய் நின்றுவிட்டதா? அதே பெண் உடம்புதானே? மாறியது அந்த உடம்புக்குக் கொடுத்த 15 நிமிடம் மட்டும்.

"2,085 பேரில் 14 தானே, இதுக்கு ஏன் இவ்வளவு கூச்சல்?" என்று ஒரு நண்பர் கேட்டார். கணக்குப் பிள்ளையிடம் கணக்கு கேட்கக் கூடாது. அது ஒரே ஒரு பருவத்துக் கணக்கு, ஏறக்குறைய 150 பேருக்கு ஒருவர். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்கள் குழுவில் இருபது பேர் என்று வையுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிய ஏழு வருடம் அதே இருபது பேர் ஆடினால், ஸ்வீடன் விகிதத்திலேயேகூட அவர்களில் ஒருத்தி மூட்டோடு போகிறாள். நம் ஊர்ப் பொட்டல் மைதானத்துக்கும், அண்ணன் போட்டுத் தேய்ந்த பூட்சுக்கும், ஒரே வாரத்தில் பள்ளி, மாவட்டம், கிளப் என்று மூன்று இடத்தில் ஆட வைப்பதற்கும் சேர்த்து எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

இந்த வாக்கியத்துக்கு வயது நூறுக்கு மேல் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1921 டிசம்பரில் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் ஏற்றதல்ல என்று தீர்மானம் போட்டுத் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. அதற்கு முந்தைய வருடம் லிவர்பூலில் ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள் என்பது அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் இருந்த வயிற்றெரிச்சல். தடை நீங்கியது 1971-இல். பிரான்சிலும் சம்மேளனம் பெண்கள் ஆட்டத்தை அங்கீகரித்தது 1970-இல்தான். பந்து உதைத்தால் பிள்ளை பெறும் சக்தி போய்விடும் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் பயமுறுத்தினார்கள். இப்போது கருப்பை போய் முழங்கால் வந்திருக்கிறது, ஆள் அதே ஆள்தான்.

ஐம்பது வருடம் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, திறந்த பிறகு என்ன கொடுத்தார்கள்? 2015-இல் கனடாவில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை முழுவதையும் செயற்கைப் புல்லில் நடத்தினார்கள். ஆட்டக்காரிகள் வழக்குப் போட்டும் பயனில்லை. ஆண்கள் உலகக் கோப்பையை அப்படி நடத்த எவருக்காவது துணிச்சல் உண்டா? பூட்ஸ் கம்பெனிகளும் அண்மைக்காலம் வரை ஆண்களின் பாத அச்சையே சிறிதாக்கி, நிறத்தை மாற்றி விற்றுக்கொண்டிருந்தன.

2022-23 பருவத்தில் லண்டன் ஆர்சனல் பெண்கள் அணியில் மட்டும் நான்கு பேருக்கு இந்த ஜவ்வு போனது. இங்கிலாந்துத் தலைவி லியா வில்லியம்சனும், பெத் மீடும், நெதர்லாந்தின் மீடெமாவும் அதனால் 2023 உலகக் கோப்பையை வீட்டிலிருந்து பார்த்தார்கள். பிரான்சின் மரி-அந்துவானெத் கத்தோத்தோ 2022 ஐரோப்பியக் கோப்பையில் விழுந்து அதே உலகக் கோப்பையை இழந்தார். பத்திரிகைகள் உடனே ஹார்மோனைப் பற்றி எழுதின. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோத்ரிக்கும் அதே ஜவ்வு கிழிந்தது. அப்போது என்ன எழுதினார்கள்? ஆட்டங்கள் மிக அதிகம், மனிதன் என்ன இயந்திரமா என்று எழுதினார்கள். ஆண் உடம்பு அப்படித்தான் என்று ஒருவர் எழுதவில்லை! ஆணுக்குக் கிழிந்தால் அட்டவணையின் குற்றம், பெண்ணுக்குக் கிழிந்தால் அவளைப் படைத்தவன் குற்றம்.

நம் பக்கம் வருவோம். பக்கத்தில் இருக்கும் கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் போய் இந்திய அணிக்கு ஆடினார். மதுரையின் சேது அணி 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் கூலி வேலை, மீன்பிடி, சிறு கடை என்று இருக்கும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, பிறகு போலீஸ் வேலை அல்லது ரயில்வே வேலை என்பது அவர்களுக்கு ஒரு வழி. ஜவ்வு கிழிந்தால் அந்த வழியும் கிழிகிறது. அதனால்தான் நான் இதை ஒரு விளையாட்டுச் செய்தியாகப் பார்க்க மறுக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண், பதினாறு வயது, நல்ல ஓட்டக்காரி. சென்ற வருடம் ஒரு போட்டியில் தனியாக ஓடித் திரும்பும்போது விழுந்தாள். ஐஸ் வைத்தார்கள். "சுளுக்கு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று பயிற்சியாளர் சொன்னார். வீட்டில் எண்ணெய் போட்டு நீவி, கட்டுப் போட்டார்கள். பத்து நாளில் வீக்கம் வடிந்தது, நடந்தாள், ஆறாம் வாரம் மறுபடி இறக்கிவிட்டார்கள். இந்தக் காயத்தின் சூழ்ச்சியே அதுதான். வீக்கம் போனால் வலி போய்விடும், நேராக நடக்க அந்த நார் அவ்வளவாகத் தேவையில்லை. திரும்பும்போதுதான் மூட்டு நழுவும். "தாத்தா, முட்டி என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்று என்னிடம் சொன்னாள். இரண்டாம் முறை விழுந்தபோது உள்ளே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்துவிட்டது. முதல் நாள், விழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்துபோல் வீங்கியதே, அப்போதே எலும்பு டாக்டரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். அப்படி உடனே வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். இதைத் தெரிந்து வைத்திருக்க ஒரு பயிற்சியாளருக்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை.

அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 நவம்பரில் சென்னையில் பதினேழு வயதுக் கால்பந்து ஆட்டக்காரி ஒருத்தி ஜவ்வு அறுவைச் சிகிச்சைக்குப் போய், இறுக்கிப் போட்ட கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, கால் எடுக்கப்பட்டு, கடைசியில் உயிரையே விட்டாள். உடற்கல்வி படித்துக்கொண்டிருந்த பிள்ளை. பணியிடை நீக்கம், நிவாரணம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று செய்ய வேண்டிய சடங்குகள் எல்லாம் நடந்தன. இந்த அறுவைச் சிகிச்சையில் அப்படி நடப்பது அரிது, யாரும் பயந்து சிகிச்சையைத் தவிர்க்கக் கூடாது. ஆனால் வலி தாங்கவில்லை, கால் மரத்துப்போகிறது என்று ஒரு பெண் பிள்ளை சொன்னால் "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்பதுதான் நம் முதல் பதில் என்பதையாவது யோசிக்கலாம் அல்லவா?

சிகிச்சைக்குப் பின் என்ன? தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து உள்ளே கட்டுகிறார்கள். அது புது இடத்தில் உயிர் பிடித்து ஜவ்வாக மாற மாதக்கணக்கு ஆகும். முதலில் காலை முழுதாக நீட்ட வேண்டும், சூம்பிப்போன தொடையை எழுப்ப வேண்டும். மூன்று நான்கு மாதத்தில் நேர் ஓட்டம். ஒன்பது மாதத்துக்கு முன் போட்டியில் இறங்கக் கூடாது. ஒன்பது மாதம் ஆனாலும் அடிபட்ட காலின் பலம் மற்ற காலில் பத்துக்கு ஒன்பது பங்காவது வந்திருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி அளந்து பார்ப்பார்கள். இருபத்தைந்து வயதுக்குள் மறுபடி ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ அடுத்த காலிலோ மீண்டும் கிழிகிறது. ஸ்வீடனில் இந்த ஜவ்வு கிழிந்த பெண் ஆட்டக்காரிகளைப் பன்னிரண்டு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பாதிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் வந்திருந்தது. அப்போது அவர்களின் சராசரி வயது 31. எழுபது தாண்டி மாடிப்படி ஏற நான் படும் பாட்டை முப்பத்தொரு வயதுப் பெண் எதற்குப் படவேண்டும்?

"பயிற்சி நேரமே ஒரு மணி நேரம்தான், அதில் 15 நிமிடம் குதிக்கவா?" என்பது பயிற்சியாளர்களின் புகார். எனக்குத் தெரிந்த மைதானங்களில் அந்த ஒரு மணியில் முதல் இருபது நிமிடம் பந்து மூட்டையின் சாவியைத் தேடுவதில் போகிறது. மீதியில் மைதானத்தை நான்கு சுற்று ஓடச் சொல்லிவிட்டு மாஸ்டர் செல்போன் பார்க்கிறார். அந்த நான்கு சுற்றுக்குப் பதிலாக இந்த ஆறு பயிற்சி. நயா பைசா செலவில்லை. நிதிநிலையை இழுக்கக்கூட வழியில்லாத ஒரே திட்டம் இதுதான் என்று நினைக்கிறேன், அதனால்தானோ என்னவோ யாரும் தொடவில்லை.

எங்கள் தெருப் பெண்ணுக்கு இது ஏழாவது மாதம். தகப்பனார் இனி பந்தே வேண்டாம் என்கிறார். பயிற்சியாளர் அடுத்த வாரம் நடக்கும் தேர்வுக்கு "சும்மா வந்து நின்னா போதும்" என்கிறார். நான் தகப்பனாரிடம் அவள் கட்டாயம் ஆடத்தான் வேண்டும் என்று வாதாடினேன், அவளிடம் இந்தத் தேர்வுக்குப் போகக் கூடாது என்று சொன்னேன். இரண்டு பேருக்குமே என்மேல் கோபம். தகப்பனாராவது வணக்கம் சொல்கிறார். அவள் மூன்று நாளாக என் வீட்டு வாசலைப் பார்க்காமல் பிசியோதெரபிக்குப் போய் வருகிறாள்.