சபையைக் கண்டித்த பாதிரியார்!

அமெரிக்க செனட் சபை பிரார்த்தனையோடுதான் கூடும். அதற்கென்றே சம்பளம் வாங்கும் பாதிரியார் ஒருவர் உண்டு. சம்பளம் கொடுக்கும் சபையையே அவர் கண்டித்தால்?

அதுதான் நடந்தது, 2013 அக்டோபரில்!

பூட்டிய கஜானா

அதிபர் ஒபாமாவின் மருத்துவ இன்சூரன்ஸ் சட்டத்துக்குப் பணம் ஒதுக்கக் கூடாது என்று குடியரசுக் கட்சியினர் பிடிவாதம் பிடித்தார்கள். ஜனநாயகக் கட்சி இணங்கவில்லை. செலவுக்கு அனுமதி கிடைக்காமல், சர்க்கார் இலாகாக்கள் பல மூடப்பட்டன.

இதில் ஒரு கொடுமை. போரில் மாண்ட வீரரின் குடும்பத்துக்கு உடனே கொடுக்க வேண்டிய 1 லட்சம் டாலரும் நின்றுவிட்டது.

அக்டோபர் 9-ந் தேதி, செனட் பாதிரியார் பாரி பிளாக் பிரார்த்தனை செய்ய எழுந்தார். வீரர்களின் குடும்பங்கள் படும் பாட்டைக் கடவுளிடம் முறையிட்டார். "இனி போதும்" என்று தலைவர்கள் சொல்லும் வேளை வந்துவிட்டது என்றார்.

யார் இவர்?

1948-ல் பிறந்தவர். பால்டிமோர் நகரத்து ஏழைக் குடும்பம். எட்டுப் பிள்ளைகள். தாயார் பிறர் வீட்டில் வேலை செய்து அவர்களைக் காப்பாற்றினார்.

1976-ல் பிளாக் கடற்படைப் பாதிரியார் ஆனார். படைப் பாதிரியாருக்குச் சீருடை உண்டு, பதவி உண்டு, துப்பாக்கி மட்டும் கிடையாது. எந்த மதத்து வீரன் வந்தாலும் அவன் துயரைக் கேட்க வேண்டும். "உங்கள் மகன் இறந்துவிட்டான்" என்று சொல்ல அதிகாரி போகும்போது, பாதிரியாரும் உடன் போவதுண்டு.

2000-ல் கடற்படைப் பாதிரியார்களின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர் அவரே. 2003-ல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். அதே ஆண்டு செனட் அவரை அழைத்துக்கொண்டது.

செய்தது சரியா?

பிரார்த்தனையில் அரசியல் பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் எந்தக் கட்சியின் பெயரையும் சொல்லவில்லை. யாருக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. மகனை இழந்த வீட்டின் துக்கத்தைச் சபைக்கு எடுத்துச் சொன்னார். 27 ஆண்டுகள் படையில் செய்த வேலையும் அதுதானே!

மறுநாளே, உதவித் தொகையை வழங்கும் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார். பாதிரியாரின் வாக்கு மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. நாடே கொதித்துப் போயிருந்தது.

2023 மார்ச்சில் நாஷ்வில் நகரப் பள்ளி ஒன்றில் மூன்று குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் பிளாக் வாய் திறந்தார். அனுதாபமும் பிரார்த்தனையும் மட்டும் போதாது, செயல் வேண்டும் என்றார்.

பிரார்த்தனை போதாது என்று சொன்னவர், பிரார்த்தனை செய்வதற்கே சம்பளம் வாங்குகிறவர்!