பாட்டியின் தாலாட்டுக்கு இரண்டு மணி நேரம்... ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்குக் கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை!

``ஏண்டி, இந்த வயசுல எனக்கு ரெக்கார்டிங்கா? தொண்டையில தவளை உட்கார்ந்திருக்கு!''

முடிச்சூரில் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பேத்திக்கு வளைகாப்பு முடிந்துவிட்டது. குழந்தை பிறப்பதற்குள் பாட்டியின் தாலாட்டை நல்ல முறையில் பதிவுசெய்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மூன்று தலைமுறையைத் தூங்கவைத்த பாட்டு அது. தாத்தா இருந்தபோது டேப் ரெக்கார்டரில் ஒருமுறை பதிவுசெய்து வைத்திருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்த் தெருக்களில் படகு போனதே, அப்போது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த அந்த கேசட்டும் போய்விட்டது.

போனிலேயே பதிவுசெய்யலாம்தான். ஆனால், கேட்டுப் பார்த்தால் பாட்டியின் குரலோடு மின்விசிறி, குக்கர் விசில், காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, வெளிவட்டச் சாலைப் பக்கம் திரும்பும் ஆம்னி பஸ்ஸின் ஹாரன் எல்லாம் சேர்ந்தே பாடும். அதனால்தான் ஸ்டூடியோ. அங்கே கடிகாரம் ஓட ஓட காசு ஓடும். பாட்டியின் தெம்பும் அதோடு சேர்ந்து ஓடும். அந்த இரண்டு மணி நேரம் வீணாகாமல் இருக்க வேண்டுமானால், வேலையில் பெரும்பகுதி வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

கோடம்பாக்கமா, பக்கத்திலேயா?

ரெக்கார்டிங் என்றதும் எல்லோருக்கும் வாயில் வருவது கோடம்பாக்கமும் வடபழனியும்தான். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கோடம்பாக்கத்துக்கு ஒரே வண்டி. ஆனால், படி ஏறி இறங்கி, கூட்டத்தில் நின்று போய்ச் சேரும்போது வயதானவர்களுக்குப் பாதிக் குரல் வழியிலேயே கரைந்துவிடும். ஒரு குரலும் ஒரு சுருதியும் மட்டும் பதிவுசெய்ய பெரிய கூடம் தேவையில்லை. வெளிச்சத்தம் நுழையாத சிறிய அறை, ஒரு நல்ல மைக், பொறுமையான சவுண்ட் இன்ஜினீயர், இவ்வளவு போதும். வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு ஸ்டூடியோ இருந்தால் அதுவே மேல்.

சின்ன இடம் என்று தயங்க வேண்டாம். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் பஞ்சதன் ஸ்டூடியோவைத் தொடங்கியது கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்ந்த இடத்தில்தான். மூன்று ஆண்டுகள் கழித்து, 1992-ல் `ரோஜா' வந்தது.

புக் செய்யும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கதவை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். மாடியில் யாராவது நடக்கும் சத்தம் கேட்கிறதா, ஏ.சி இரைகிறதா, ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, இவையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கழிவறை எந்தப் பக்கம், படிக்கட்டு எத்தனை என்பதையும் பார்த்துவிடுங்கள். பாட்டிக்கு அது மைக்கைவிட முக்கியம்.

போனில் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

கட்டணம் ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ மாறும். `ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?' என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டால், பில் வரும்போது முகம் மாறும். இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. கட்டணம் மணிக்கணக்கா, பாட்டுக்கணக்கா? குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் புக் செய்ய வேண்டும்?
2. சவுண்ட் இன்ஜினீயரின் சம்பளம் அதில் சேர்ந்ததா, தனியா?
3. மைக் பொருத்தி சரிபார்க்கும் நேரமும் கணக்கில் வருமா?
4. மிக்ஸிங், மாஸ்டரிங் தனிக் கட்டணமா? கேட்டுவிட்டுத் திருத்தம் சொன்னால், எத்தனை முறை செய்து தருவார்கள்?
5. அட்வான்ஸ் எவ்வளவு? உடம்பு சரியில்லை என்றால் தேதியை மாற்ற முடியுமா?
6. எந்த வடிவத்தில் ஃபைல் தருவார்கள்? மிக்ஸ் செய்யாத, குரல் மட்டும் உள்ள ஃபைலும் கிடைக்குமா?
7. அவர்களுடைய கம்ப்யூட்டரில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

பதில்களை வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாகப் போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். ஒரு ஒலிப்பதிவைச் செய்ய முன்வந்து, பொறுப்பும் ஏற்றுக்கொண்டவரையே அதன் தயாரிப்பாளராக நம் பதிப்புரிமைச் சட்டம் பார்க்கிறது. `இது யார் செய்யச் சொன்ன பதிவு' என்பதற்கு அந்த ரசீதும் ஒரு சாட்சி.

எந்தப் பாட்டு?

பேத்திக்கு ஆசை தாலாட்டில் நிற்காது. `பாட்டி நல்லா பாடுவாங்களே, அந்த சினிமா பாட்டையும் பாடி யூடியூபில் போட்டுடலாமே' என்று தோன்றும். வீட்டுக்குள் கேட்டு மகிழ்வது வேறு, வெளியிடுவது வேறு. ஏற்கெனவே பதிவான பாடலைத் திரும்பப் பாடி வெளியிட 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் நிபந்தனைகள் உண்டு. முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், ராயல்டி கட்ட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கரோக்கி இசைக்கும் சொந்தக்காரர் உண்டு. வாய்வழியாக வந்த தாலாட்டுக்கும், சொந்தமாக எழுதி மெட்டுப்போட்ட பாட்டுக்கும் இந்தச் சிக்கல் கிடையாது.

ஒரு வார வீட்டுப்பாடம்

முதலில் வரிகள். பாட்டிக்கு மனப்பாடம்தான். ஆனால், ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணி கூடும், ஒன்று குறையும். மாமன் சீர் முதலில் வருமா, அத்தை அடித்தது முதலில் வருமா என்று ஸ்டூடியோவில் உட்கார்ந்து முடிவுசெய்யக் கூடாது. அவரைப் பாடச் சொல்லி, பேத்தி பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ஒரு தாளில் ஒரு பக்கம் மட்டும். பாட்டின் நடுவில் தாளைத் திருப்பினால் அந்தச் சரசரப்பும் பதிவாகிவிடும். எங்கே மூச்சு எடுக்கிறார் என்று ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

அடுத்தது சுருதி. வயது ஏற ஏறப் பெண்களின் குரல் கொஞ்சம் இறங்கும். `நான் எப்பவும் 5 கட்டைதான்' என்று பாட்டி சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் இலவசமாகக் கிடைக்கும் தம்பூரா ஆப் ஒன்றைப் போட்டு, 4, நாலரை, 5 என்று மாற்றி மாற்றிப் பாடவையுங்கள். மேலே போகும் இடத்தில் கழுத்து நரம்பு புடைக்காமல், கீழே இறங்கும் இடத்தில் குரல் காணாமல் போகாமல் இருக்கிறதே, அதுதான் இன்றைய கட்டை. அதை எழுதிவைத்து இன்ஜினீயரிடம் கொடுத்துவிடுங்கள்.

இசைக்கருவிகள் சேர்வதாக இருந்தால் காதில் `டிக்... டிக்...' என்று தாளம் கேட்டுக்கொண்டே பாடச் சொல்வார்கள். கருவிகளைப் பிறகு சேர்க்க அது வசதி. தாலாட்டுக்கு அது ஆகாது. அந்தப் பாட்டின் தாளம் தொட்டிலின் ஆட்டத்தில்தான் இருக்கிறது. `சுருதி மட்டும் போதும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, ஒத்திகை. புக் செய்திருக்கும் அதே நேரத்தில், தினம் இரண்டு முறை போதும். போனில் பதிவுசெய்து பாட்டியிடமே போட்டுக் காட்டுங்கள். முதல்முறை தன் குரலைக் கேட்டதும், `அய்யய்யே... இதுவா என் குரல்?' என்பார். அந்தக் கூச்சம் ஸ்டூடியோவில் வருவதைவிட வீட்டுக் கூடத்தில் வந்து போவது நல்லது.

தொண்டை சரியில்லையா? தேதியை மாற்றுங்கள்

`அட்வான்ஸ் கொடுத்தாச்சு, சமாளிச்சுப் பாடிடுங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். `அடிமைப் பெண்' படத்தில் பி.சுசீலாவுடன் பாட இளம் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு வாய்ப்பு வந்தது. அந்த நேரத்தில் அவர் டைபாய்டு காய்ச்சலில் படுத்துவிட்டார். எம்.ஜி.ஆர் நினைத்திருந்தால் வேறு ஒருவரைப் பாடவைத்திருக்கலாம். அவர் குணமாகி வரும்வரை காத்திருந்தார். 1969-ல் படம் வந்தபோது அந்தப் பாட்டு எங்கே போய் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு பெரிய படமே ஒரு குரலுக்காகக் காத்திருந்தது. நம் வீட்டுத் தாலாட்டு ஒரு வாரம் காத்திருக்காதா?

முதல் நாள் இரவு நல்ல தூக்கம். கல்யாண வீடு, சத்தம் போட்டுப் பேசும் உறவினர் கூட்டம் இரண்டும் வேண்டாம். ஐஸ் தண்ணீர், எண்ணெய்ப் பலகாரம், காரமான ஊறுகாய் ஆகியவற்றை அன்று ஒதுக்கிவிடலாம். வெறும் வயிற்றோடும் போகக் கூடாது, மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டும் போகக் கூடாது. பாடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, கையில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர். வழக்கமான மாத்திரையை மறக்க வேண்டாம்.

உடையிலும் விஷயம் இருக்கிறது. `ரெக்கார்டிங்னா பட்டுப் புடவை கட்டணுமே' என்பார் பாட்டி. பட்டு சரசரக்கும், கண்ணாடி வளையல் பேசும், கொலுசு பாடும். மைக்குக்கு எதையும் விட்டுவைக்கத் தெரியாது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திப் புடவைதான் சரி. போட்டோவுக்குப் பட்டு வேண்டுமென்றால் பாட்டு முடிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மைக் முன்னால்...

இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் அரை மணி நேரம் மைக் பொருத்த, உட்கார்ந்து பழக. அடுத்த ஒரு மணி நேரம் பாட. கடைசி அரை மணி நேரம் கேட்டுப் பார்க்க, விட்டுப்போனதைத் திரும்ப எடுக்க.

பாட்டியை நிற்கவைக்க வேண்டாம். கிறீச்சிடாத நாற்காலி ஒன்று கேளுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஏறக்குறைய ஒரு ஜாண் இடைவெளி இருந்தால் போதும், சரியான தூரத்தை இன்ஜினீயர் காட்டுவார். ஹெட்போன் இரண்டு காதையும் அடைத்தால் தன் குரலே அந்நியமாகக் கேட்கும். ஒரு பக்கம் கொஞ்சம் விலக்கிவிட்டால் பழகிவிடும். எல்லோருடைய போனும் சைலன்ட்டில் அல்ல, ஃபிளைட் மோடில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தம் எல்லாம் நின்று கையசைக்க வேண்டாம். ஒருவர் போதும். அது பேத்தியாகவே இருக்கட்டும். யாரைப் பார்த்துப் பாடுகிறோம் என்பதும் குரலில் கேட்கும்.

வார்த்தை தவறினால் நிறுத்த வேண்டாம். முழுப் பாட்டையும் ஒருமுறை பாடிவிட்டு, தவறிய இடத்தை மட்டும் திரும்ப எடுக்கலாம். இரண்டு அல்லது மூன்று முழு டேக் போதும். அதற்கு மேல் `ஒன்மோர்' கேட்டால் குரலில் களைப்புதான் ஏறும். நடுவில் குரல் லேசாக நடுங்கினால் அதை `சரிசெய்ய' அவசரப்படாதீர்கள். அந்த நடுக்கத்தோடு சேர்ந்ததுதான் பாட்டி.

வெள்ளத்துக்கும் எட்டாத இடத்தில்...

வீட்டுக்கு வரும்போது எம்.பி.3 மட்டும் வாங்கி வராதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாகக் கேளுங்கள். நான்கு நிமிட ஸ்டீரியோ பாட்டு ஏறக்குறைய 70 எம்.பி வரும். உறவினர்களுக்கு அனுப்ப எம்.பி.3 போதும், பாதுகாத்துவைக்க வேவ். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது `டாக்குமென்ட்'டாக அனுப்புங்கள். ஒரு பிரதி பென் டிரைவில், ஒன்று கிளவுடில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம். ஒரே பீரோவின் ஒரே தட்டில் எல்லாவற்றையும் வைத்தால் என்ன ஆகும் என்று முடிச்சூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளம்பும் முன் இன்னும் ஒன்று. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி, கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். ஓர் இசைத்தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் பாட்டை அடக்கி, முடிவில் தன் பெயரையும் உரக்கச் சொன்னார். தட்டுகள் அச்சாவது ஜெர்மனியில். அங்கிருப்பவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே!

பாட்டியையும் சொல்லச் சொல்லுங்கள். தாலாட்டு முடிந்ததும் மைக்கை அணைக்க விடாதீர்கள். தன் பெயர், பிறந்த ஊர், இந்தப் பாட்டை யாரிடம் கற்றுக்கொண்டார், இன்றைய தேதி... அரை நிமிடம்கூட ஆகாது. இன்னும் பிறக்காத அந்தக் குழந்தை வளர்ந்து, ஒருநாள் அந்த ஃபைலைத் திறக்கும். தன்னைத் தூங்கவைத்த குரல் யாருடையது என்று யாரிடமும் கேட்காமலேயே தெரிந்துகொள்ளும்.