இந்த 6,000 ரூபாயை மட்டும் சேமிக்காதீங்க!

வீடியோவுக்கு வீடியோ "சேமிங்க"ன்னு சொல்ற நான், இன்னைக்கு ஒரு பணத்தைச் சேமிக்காதீங்கன்னு சொல்லப் போறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துல தமிழக அரசு தர்றது மொத்தம் 18,000 ரூபாய். அதுல 14,000 பணம், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 2024-ல தவணையை மாத்தினாங்க. கர்ப்பத்தோட 4-வது மாசம் 6,000, குழந்தைக்கு 4-வது மாசம் 6,000, 9-வது மாசம் 2,000.

அந்த முதல் 6,000 பல வீடுகள்ல தெற்காவணி மூல வீதி நகைச்சீட்டுக்கோ, வளைகாப்புக்கோ, வட்டிக்கோ போயிடுது. என்னைக் கேட்டா, அது சாப்பாட்டுப் பணம்.

ஏன்? கர்ப்பகாலம் முழுக்க அம்மாவுக்குக் கூடுதலா சுமார் 1,000 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. கடைசி மூணு மாசத்துல அதுல ஒரு பங்கைக் குழந்தை தனக்குச் சேர்த்துக்குது. தாய்ப்பால்ல இரும்புச்சத்து குறைவு. அதனால பிறந்து முதல் ஆறு மாசம் அந்த இருப்புலதான் ஓடணும். இதுதான் குழந்தையோட ஓப்பனிங் பேலன்ஸ்! அம்மாவுக்கு ரத்தசோகை இருந்தா குறைப்பிரசவத்துக்கும், குழந்தை 2.5 கிலோவுக்குக் கீழே பிறக்கவும் வாய்ப்பு கூடும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள்ல சுமார் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். ரெண்டையும் ஒரே நேரத்துல போடாதீங்க. கால்சியம், இரும்பு உடம்புல சேர்றதைத் தடுக்கும். டீ, காபியும் அப்படித்தான். எத்தனை மாத்திரைன்னு டாக்டரோ செவிலியரோ சொல்றபடி நடங்க.

இப்போ பட்ஜெட். 6,000-ஐ ஆறு மாசத்துக்குப் பிரிச்சா, ஒரு நாளைக்குச் சுமார் 33 ரூபாய். முட்டை, பால், முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொண்டைக்கடலை, நெல்லிக்காய்னு மாத்தி மாத்தி வாங்குங்க. பணம் வர லேட்டானாலும் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீங்க.

"வட்டி கட்ட வேண்டாமா சார்?"னு கேப்பீங்க. வட்டிக்குத் தவணை கேட்டுப் பார்க்கலாம். வயித்துல வளர்ற குழந்தைகிட்ட தவணை கேக்க முடியாது.

கணவர்மாருக்கு ஒரு வார்த்தை: பணம் வர்றது மனைவி பேர்ல இருக்கிற கணக்குக்கு. ஏடிஎம் கார்டும் அவங்க கையிலேயே இருக்கட்டும். உங்க வீட்டுல கர்ப்பிணி இல்லைன்னா, உங்ககிட்ட வேலை பார்க்கிறவங்களுக்கு இதைச் சொல்லுங்க. சீக்கிரமா பதிவு பண்ணி, தகுதி விவரத்தை ஏரியா செவிலியர்கிட்ட கேக்கச் சொல்லுங்க.

தங்கம் அடுத்த வருஷமும் வாங்கலாம்.