மருந்து வந்தது, மனிதர் வரவில்லை

நோயுற்றாரைச் சென்று காண்பது நம்மவரின் நல்வழக்கங்களுள் ஒன்று. காய்ச்சலில் ஒருவர் கிடந்தால் தோடம்பழமும் விசுக்கோத்தும் ஏந்திப் பலரும் செல்வர். மனநோயுற்றவரின் வீட்டுப் படலையைத் திறப்போரோ மிகச் சிலர். சுகம் விசாரிக்கவும் நாம் நாணுகின்றோம்.

இத்தகையோர் பலருக்கு மாதந்தோறும் வரும் கிளினிக் நாளே மனிதரைக் காணும் நாளாகும். வைத்தியசாலை வாங்கில் காத்திருக்கையில், உறக்கம் வருகின்றதா, குளிசை கை நடுக்கந் தருகின்றதா என்று ஒருவரையொருவர் வினவுவர். ஊரில் மறைக்க வேண்டியதை அங்கு மறைக்க வேண்டியதில்லை.

2020 மார்ச் 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது இத்தொடர்பு அறுந்தது. அரசாங்க வைத்தியசாலைகளின் கிளினிக் மருந்துகளைத் தபாற்காரர் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தமை போற்றுதற்குரியது. தேசிய மனநல நிறுவகத்தை 1926 என்னும் இலக்கத்தில் அழைத்துப் பேசவும் வழியிருந்தது. ஆயினும் வாங்கில் அருகிருந்த துணையைத் தபாலில் அனுப்ப இயலுமோ?

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளில் நடத்தி, அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியிட்ட ஆய்வின்படி, அவற்றுள் நூற்றுக்கு 93 வீதமானவற்றில் மனநல சேவைகள் தடைப்பட்டன அல்லது நின்றன.

சிலருக்கு அந்நாட்கள் ஆறுதலளித்தன என்பதும் உண்மையே. ஊரே உள்ளிருந்தமையால், ஏன் வெளியே வருவதில்லை என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. ஆனால், மனச்சோர்வும் மனச்சிதைவும் தம் வயப்பட்டோரைத் தனிமைக்கே இழுப்பன. அவ்விழுப்பை எதிர்த்து வாசிகசாலை வரை நடக்கப் பழகிய ஒருவருக்குச் சில மாத அடைப்பே அப்பழக்கத்தை அழிக்கப் போதும். கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் நாம் வெளியே வந்தோம். அவருட் சிலர் வரவில்லை. அவரைக் காக்கும் பொறுப்பு முழுவதும் வயது முதிர்ந்த தாய் ஒருத்தியின் தலையிற் சுமந்தது.

"சமூக இடைவெளி" என்று அந்நாளில் வாய்க்கு வாய் கூறினோம். "உடல் இடைவெளி" என்பதே பொருத்தமென உலக சுகாதார நிறுவனத்தார் 2020 மார்ச்சிலேயே எடுத்துரைத்தனர். உடலால் விலகினும் உறவால் விலகலாகாது என்பதே அதன் கருத்து.

மீண்டுமொரு தொற்றுக் காலம் வரின், மருந்துப் பொதியோடு வாரம் ஒருமுறை நலம் விசாரிக்கும் ஒரு குரலும் ஒவ்வொரு நோயாளரையும் சென்றடைய ஒழுங்கு செய்தல் வேண்டும். அதுவரை காத்திராது, நம் ஒழுங்கையில் நெடுநாள் மூடிக் கிடக்கும் படலையை இன்றே தட்டுவோமாக. அறிவுரை கூற வேண்டா. ஒரு தேநீர் அருந்தி, ஊர்ப் புதினம் பேசி வருதலே போதும்.